விடை ஒப்புதலில் உள்ளது

வைகைக்கரைக் குடிநீர்க் குழாய் வாரியத்துக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில் மூன்றே சங்கதிகள். இணை இயக்குநர் கிருஷ்ணபிரசாத் ரிப்பன் வெட்டுகிற படங்கள், காலாவதியான டெண்டர் அறிவிப்புகள், பிறகு 'இப்பக்கம் விரைவில்' என்று ஒரு வரி. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தேடிப் போகிறவர்களுக்கு அந்த மூன்றாவது சங்கதிதான் கிடைக்கும்.

அந்த வெப்சைட்டில் ஒரு கமா சேர்க்க வேண்டுமென்றாலும் அதற்கு ஏணி உண்டு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிருந்தா தட்டுவாள்; அது வரைவு. கண்காணிப்பாளர் ஸ்யாமளா பார்ப்பார், அது பரிந்துரை. இணை இயக்குநர் பார்த்துப் பொத்தானை அமுக்குவார்; அது ஒப்புதல். ஒரு வருடம் பொங்கல் வாழ்த்து இந்த ஏணியில் ஏறி, திரும்பி இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு வெளியானது. கரும்பும் பானையுமாகப் படம் பிரமாதமாக இருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தால்தானே கேட்பதற்கு.

இப்படிச் சிவனே என்று கிடந்த வெப்சைட்டில் பாடமும் பரீட்சையும் நுழைந்ததற்குக் காரணம், கிருஷ்ணபிரசாத் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த மாநாட்டுக்குப் போய் வந்தது. அங்கே எல்லாத் துறைக்காரர்களும் 'எங்கள் ஊழியர்கள் ஆன்லைனில் கற்கிறார்கள்' என்று மார்தட்டியிருக்கிறார்கள். இவருக்குத் தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஊர் திரும்பியதும் சாப்ட்வேர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, "நம்ம வெப்சைட்லயே பாடம், பரீட்சை, சான்றிதழ், நியமன உத்தரவு எல்லாத்தையும் சேர்த்துடுங்க" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வாரியத்தின் வெப்சைட்டில் மேலதிகாரி பார்க்காத ஓர் எழுத்தும் ஏறக் கூடாது.

"சார், பரீட்சை எழுதறவங்க விடைக்குமா?" என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

"விடைங்கறது எழுத்துதானே?"

"ஆமா சார்."

"எழுத்துன்னா ஏணி."

கம்பெனிக்காரரும் பிள்ளைகுட்டிக்காரர். சரி என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் முத்திருளனுக்குத் தெரியாது. இதெல்லாம் நடந்தபோது அவன் சிம்மக்கல்லில் இடுப்பளவுக் குழிக்குள் நின்று, வெடித்துப்போன ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் வாரியத்தின் தினக்கூலிக் குழிவெட்டி. மூத்த மகள் பிறப்பதற்கு முன்னால் கடப்பாரையைப் பிடித்தவன். இப்போது அவள் காலேஜுக்குப் போகிறாள், இவன் இன்னும் தினக்கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. காய்ச்சல் வந்தால் சம்பளம் இல்லை. காலில் கடப்பாரை விழுந்த வருடம், விழுந்தது வாரியத்துக் கடப்பாரைதான் என்றாலும் கால் வாரியத்துடையது அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

குழிக்கு மேலே மேஸ்திரி வந்து நின்று, "எல்லாரும் ஏறுங்கப்பா. ஆபீஸ்ல விழாவாம். சேர் காலியா கெடக்காம்" என்றார்.

"அண்ணே, தண்ணி பீச்சிக்கிட்டு இருக்குண்ணே."

"அது எங்கிட்டும் போகாது. வா."

போனார்கள். மீட்டிங் ஹாலில் ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, மவுசுக்குக் குங்குமம் வைத்து, எதிரே குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். சேறும் சகதியுமாக வந்தவர்களைக் கடைசி வரிசையில் பேப்பர் விரித்து உட்காரவைத்தார்கள். கிருஷ்ணபிரசாத் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு குழியை எப்படி வெட்டுவது என்று நம் தொழிலாளர்களுக்கு இன்றுவரை யாருமே சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலேயே இவர்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்! ஒரு நிர்வாகத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?"

முன்வரிசை தலையசைத்தது.

"நான் இந்த வாரியத்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இன்றுவரை ஒரு குழியைக்கூடக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. ஏன்? எனக்கு அறிக்கை வருகிறது. அறிக்கையில் சேறு இல்லை. அதேபோல இனி உங்களுக்கு வீடியோ வரும். பாடத்தைப் பாருங்கள். பரீட்சை எழுதுங்கள். சான்றிதழ் வாங்குகிறவர் எவரோ, அவர் குழிவெட்டும் பணியில் நிரந்தரம்! கம்ப்யூட்டரே உத்தரவு போட்டுவிடும். சான்றிதழ் இல்லாதவர் மாதம் பிறந்ததும் குழியில் இறங்கக் கூடாது. மீறி இறங்கினால் நடவடிக்கை."

முத்திருளனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. நிரந்தரம் என்ற ஒரு சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்த பேயாண்டி, இவனோடு சேர்ந்து குழாய் தூக்குகிறவன், முழங்கையால் இடித்தான்.

"மாப்ள, பாசானா குழிக்குள்ள, பெயிலானா குழிக்கு வெளிய. இத சொல்லவா விளக்கேத்துனாய்ங்க?"

"சும்மா இருடா. நெரந்தரம்னு சொல்றாரு."

"அவரு சொல்றாரு. வாயி அவருது."

இவர்கள் திரும்பிப் போனபோது சிம்மக்கல் குழி நிரம்பி, ஒரு ஷேர் ஆட்டோ அதில் முன்சக்கரத்தை விட்டு நின்றது. ஆட்டோக்காரர் வாரியத்தின் வம்சத்தையே வாழ்த்திக்கொண்டிருந்தார்.

பாடம் ஆரம்பித்தது. முத்திருளனின் கண்ணாடி உடைந்த போனில் கோட்டும் டையும் போட்ட ஒருவர் வந்தார்.

"வணக்கம். பாடம் ஒன்று. குழி: ஓர் அறிமுகம். குழி என்பது மண் இல்லாத இடம். மண் ஏன் இல்லை? ஏனெனில் அது எடுக்கப்பட்டுவிட்டது."

முத்திருளனின் மனைவி செல்லத்தாய் சிம்மக்கல் மொத்தக்கடை ஒன்றில் வத்தல் காம்பு கிள்ளுகிறவள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்தாள்.

"யாருய்யா அது?"

"வாத்தியாரு."

"எடுத்தவன் பேரச் சொல்றாரா?"

"பேசாத புள்ள. மொகத்த திருப்புனா மொதல்ல இருந்து வரும்."

அது உண்மை. பாடம் பார்க்கிறவர் உண்மையிலேயே பார்க்கிறாரா என்று போனின் காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். கண் அந்தண்டை போனால் பாடம் நின்றுவிடும். நின்றால் மறுபடியும் வணக்கம், குழி ஓர் அறிமுகம். வீட்டில் பார்த்து முடிக்க முடியாதவன் குழியில் பார்த்தான். கடப்பாரையை மண்ணில் ஊன்றி அதில் போனைக் கட்டிவைத்து, பேயாண்டி வெட்ட, இவன் போனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே சட்டியில் மண்ணை அள்ளிக் கொடுத்தான். 'உங்கள் முகம் தெரியவில்லை' என்று போன் சொன்னது. முகத்தில் சேறு. உடைந்த குழாயிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினான். "வணக்கம். பாடம் ஒன்று" என்றார் கோட்டுக்காரர்.

நாலாவது பாடம் மண்வெட்டியைப் பிடிப்பது பற்றி. கோட்டுக்காரர் அதைக் கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். ஏழாவது பாடத்தில், 'குழியில் இறங்குமுன் அது குழிதானா என்று உறுதி செய்துகொள்ளவும்' என்று எழுத்தில் வந்தது.

"உறுதி பண்ணிட்டியா மாப்ள?" என்றான் பேயாண்டி, கழுத்தளவு ஆழத்தில் நின்று.

"சிரிப்புக் காட்டாதடா, மறுபடியும் வணக்கம் சொல்லிருவான்."

எப்படியோ எல்லாரும் பாடத்தை முடித்தார்கள். பிறகு பரீட்சை. பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான். கேள்விகளும் எழுத்துதானே, கட்டுக்கட்டாகத் தயாரித்த கேள்விகள் ஏணியில் ஏறியதில், ஒன்று மட்டும்தான் உயிரோடு மேலே போய்ச் சேர்ந்தது.

குழாய் உடைந்து தண்ணீர் வெளியேறினால் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஒன்று, வால்வை மூடுவது. இரண்டு, மேலதிகாரிக்குச் சொல்வது. மூன்று, படம் எடுத்து அனுப்புவது. நான்கு, எதுவும் செய்யாமல் உத்தரவுக்குக் காத்திருப்பது.

முத்திருளன் ஒன்றை அமுக்கினான். பேயாண்டியும் ஒன்றை அமுக்கினான். வால்வு இருக்கும் திக்கே தெரியாத ஒரு புதுப் பையன்கூட ஒன்றைத்தான் அமுக்கினான். போனில் எழுத்து வந்தது: 'நன்றி. தங்கள் விடை வரைவாகச் சேர்க்கப்பட்டது. விடை ஒப்புதலில் உள்ளது.'

வாரம் ஒன்று போனது. விடை ஒப்புதலில் இருந்தது. இன்னொரு வாரமும் அப்படியே. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்றபோது, முத்திருளன் காலைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

கம்ப்யூட்டர் அறையில் பிருந்தா இருந்தாள். சின்னப் பெண், ஆபீசில் முதலில் 'வாங்கண்ணே' என்று சொல்லிவிட்டுப் பிறகு 'இல்லை' என்று சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

"தாயி, என் விடை தப்பாத்தா?"

"தப்பா ரைட்டான்னு பாக்குறதுக்கு இன்னும் போகலண்ணே. மொதல்ல அனுப்பலாமா வேணாமான்னு பாக்கணும். மேடம்கிட்ட இருக்கு."

"நான் போட்ட விடைய அவுக எதுக்குத்தா பாக்கணும்?"

"வெப்சைட்ல நீங்க என்ன தட்டுனாலும் அது வாரியத்தோட எழுத்துண்ணே. நாங்க பாக்காம போகாது."

கண்காணிப்பாளர் ஸ்யாமளா தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "ஒண்ணு போட்டது நீங்களா?"

"ஆமாங்கம்மா. முத்திருளன்."

"எந்த அடிப்படையில ஒண்ணு போட்டீங்க?"

"வால்வ மூடாம குழியில எறங்குனா முங்கிருவம்ங்கம்மா."

"அது உங்க சொந்த அபிப்பிராயம். இதுக்கு முன்னாடி இந்த வாரியத்துல யாராவது ஒண்ணு போட்டிருக்காங்களா?"

"இதுக்கு முன்னாடி பரீட்சையே இல்லையேம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன். முன்னுதாரணம் இல்லை." ஸ்யாமளா பெருமூச்சு விட்டார். "நான் உங்களுக்கு எதிரி இல்லை. முத்திருளன்னு ஒரு தொழிலாளி வால்வை மூடணும்னு சொன்னார், வாரியம் மூடலைன்னு நாளைக்குப் பேப்பர்ல போட்டா யார் பதில் சொல்றது? கொஞ்சம் மாத்தித் தரேன்." கீபோர்டில் தட்டினார். "ஒன்று, தேவைப்படின், நிர்வாக வசதிக்கு உட்பட்டு."

"அம்மா, அப்பிடி ஒரு விடை அந்த நாலுல இல்லியே."

"அதனாலதான் பரிந்துரைன்னு அனுப்பறேன். முடிவு சார் எடுப்பார்."

முடிவு எடுக்கும் அறையில் ஏசி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணபிரசாத் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். குழிவெட்டியை உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்தே விளக்கினார்.

"வாப்பா. உன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா யோசிச்சுப் பாரு. வால்வை மூடினா ஏரியாவுக்குத் தண்ணி நிக்கும். தண்ணி நின்னா போன் வரும். போன் யாருக்கு வரும்?"

"அய்யாவுக்கு."

"ரெண்டு. என்கிட்ட சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நான் ஏதாவது செய்யணும். மூணு. படம் எடுத்தா அது ஆதாரம். ஆதாரம் வந்தா விசாரணை. அப்போ மிச்சம் என்ன?"

முத்திருளன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"நாலு! உத்தரவுக்குக் காத்திருக்கறது. அந்த உத்தரவை யாரும் தரப்போறதில்லை. ஆனா யார் மேலயும் தப்பு இல்லை. இருபது வருஷமா நான் நாலுதான். பாரு, நான் எங்க உட்கார்ந்திருக்கேன், நீ எங்க நிக்கறே."

சொல்லிவிட்டு மவுசை இரண்டு தட்டுத் தட்டினார். வாரியத்துக் குழிவெட்டிகள் அத்தனை பேர் விடையும் ஒரே நேரத்தில் நான்காக மாறி, ஒப்புதல் பெற்று, மேலே போனது.

சாயங்காலமே எல்லார் போனும் கிணுகிணுத்தது. 'தோல்வி.' சரியான விடை ஒன்று என்று கம்பெனிக்காரர் உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து வைத்தாராம். அதோடு விடவில்லை. எல்லாரும் ஒரே தப்பைச் செய்திருந்ததால், கம்ப்யூட்டர் தானாகவே இன்னொரு செய்தியும் அனுப்பியது: 'தாங்கள் காப்பி அடித்துள்ளதாகச் சந்தேகிக்கப்படுகிறது. விசாரணைக்கு ஆஜராகவும். விசாரணை அதிகாரி: கிருஷ்ணபிரசாத், இணை இயக்குநர்.'

செல்லத்தாய் செய்தியைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரப் பாத்துய்யா காப்பி அடிச்ச?"

"நான் எங்கடி அடிச்சேன்? அவரு மாத்துனாருடி. எங் கண்ணு முன்னாடி."

"அவரு மாத்துனத நீ அடிச்சன்னு அவரே விசாரிக்கப் போறாராக்கும்."

"ஆமா."

"போயி நல்லா பதில் சொல்லிட்டு வாய்யா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இல்லை. மறுநாள் காலையில் மகள் காலேஜ் பஸ் பாஸை எடுத்து, பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். முத்திருளன் இருவர் முகத்தையும் பார்க்காமல் சட்டையை மாட்டினான்.

விசாரணையில் கிருஷ்ணபிரசாத் கடுமையாக இருந்தார். "எல்லாரும் நாலு போட்டிருக்கீங்க. தொழிலாளர்கள் மத்தியில இப்படி ஒரு ஒற்றுமை எனக்குக் கவலையா இருக்கு. யார் சொல்லிக் கொடுத்தது?"

பேயாண்டி முத்திருளன் காதில், "சொல்லிரவா?" என்றான். "வாய மூடுரா" என்றான் முத்திருளன்.

"அய்யா, நான் ஒண்ணுதான் அமுக்குனேன்" என்றான் மெல்ல.

பிருந்தாதான் ஆபத்துக்கு வந்தாள். வெப்சைட்டில் ஏறுகிற எதற்கும் யார் எப்போது மாற்றியது என்று கம்ப்யூட்டரே குறித்துவைக்கும். அதைத் திறந்து காட்டினாள். முத்திருளன், ஒன்று. ஸ்யாமளா, ஒன்று தேவைப்படின். கிருஷ்ணபிரசாத், நான்கு. அடுத்த பெயர் பேயாண்டி. அதற்கும் கீழே கிருஷ்ணபிரசாத், நான்கு. உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருந்தது.

வேறொரு மனிதனாக இருந்தால் முகம் கறுத்திருக்கும். கிருஷ்ணபிரசாத்துக்கு மலர்ந்தது.

"அப்போ தொழிலாளர்கள் காப்பி அடிக்கலை. ரொம்ப நல்ல விஷயம். விசாரணை முடிஞ்சுது." சட்டென்று புருவத்தைச் சுருக்கினார். "ஆனா அப்போ பெயிலானது யாரு?"

ஸ்யாமளா தொண்டையைச் செருமினார். "விதிப்படி கடைசியா ஒப்புதல் கொடுத்தவர்தான் எழுதினவர் சார்."

"நானா?"

"எல்லார் பேர்லயும் சார்."

"அது எப்படி? அந்தச் சரியான விடையை யார் உள்ள வெச்சது? அதுக்கு என் ஒப்புதல் இருக்கா?"

இல்லை. ஒப்புதல் இல்லாமலேயே ஒரு சரியான விடை இத்தனை நாளாக வாரியத்தின் வெப்சைட்டில் குடியிருந்திருக்கிறது. அதை உடனே நீக்கிவிட்டு, நான்கே சரி என்று வைத்து, பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பச்சை எழுத்தில் 'வெற்றி' என்றது.

பேயாண்டி விசில் அடித்தே விட்டான். வெளியே வந்து முத்திருளன் செல்லத்தாய்க்குப் போன் போட்டான். "பாசாயிட்டம்டி! நெரந்தரம்டி!" அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வத்தல் நெடி என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் வெப்சைட்டில் சான்றிதழ்கள் ஏறின. கூடவே நிரந்தர நியமன உத்தரவும் தானாக ஏறியது. பிருந்தா திரையை முத்திருளன் பக்கம் திருப்பினாள். திருப்பாமல் இருந்திருக்கலாம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

குழிவெட்டி, சிம்மக்கல், நிரந்தரம்: கிருஷ்ணபிரசாத். குழிவெட்டி, யானைக்கல், நிரந்தரம்: கிருஷ்ணபிரசாத். குழிவெட்டி, திருமங்கலம், நிரந்தரம்: கிருஷ்ணபிரசாத். கீழே கடைசி வரைக்கும் அப்படித்தான். அடியில் சிவப்பில் ஒரு வரி: 'பணியிடங்கள் அனைத்தும் நிரப்பப்பட்டன.'

"தாயி, அய்யா எப்பிடித்தா அம்புட்டுக் குழியும் வெட்டுவாரு?"

"விடை எழுதினவங்களுக்குத்தான் சான்றிதழ் போகும்ணே. சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு."

"அப்ப நாங்க?"

"சான்றிதழ் இல்லாதவங்கண்ணே." அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மாசம் பொறந்ததும் குழியில எறங்கக் கூடாது."

கிருஷ்ணபிரசாத்திடமே போய்க் கேட்டார்கள். அவர் கைகளை விரித்தார். "நான் கேட்டு வாங்கலைப்பா. சிஸ்டம் குடுத்தது. வேண்டாம்னா சிஸ்டத்தை அவமதிச்ச மாதிரி ஆயிடும். மேலிடத்துல வேற எல்லாரும் பாராட்டறாங்க. இத்தனை சான்றிதழ் ஒரே ஆள் வாங்கினது இந்தியாவுலயே முதல் தடவையாம். செயலாளர் ஸ்ரீலக்ஷ்மி மேடம் நேர்ல வந்து விருது தரப்போறாங்க. எல்லாரும் வந்து கை தட்டுங்க. சேர் போட்டிருக்கேன்."

மாதம் பிறந்தது. முத்திருளன் செல்லத்தாய் வேலை பார்க்கும் கடையில் மூட்டை தூக்கப் போனான். வாரியத்தில் குழாய்கள் உடைவது மட்டும் நிற்கவில்லை. அவற்றுக்கு உத்தரவு ஒன்றும் தேவையில்லை. அங்கே ஒரு கசிவு, இங்கே ஒரு வெடிப்பு. வால்வு திறக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏன் மூடவில்லை என்று கேட்ட தெருக்காரர்களுக்கு, நான்காவது விடைதான் சரி என்று போனை எடுத்துக் காட்டினார்கள்.

விருது நாளன்று காலையில், வாரிய அலுவலகத்தின் வாசலிலேயே பெரிய குழாய் வெடித்தது.

ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழும்பிப் பந்தலைப் பிய்த்தது. வரவேற்பு பேனரில் கிருஷ்ணபிரசாத்தின் படம் நனைந்து, வயிற்றோடு மடிந்து தொங்கியது. தண்ணீர் படியேறிக் கம்ப்யூட்டர் அறையை நோக்கிப் போனது. அந்த அறையில்தான் வெப்சைட் குடியிருக்கும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் அத்தனை சான்றிதழும். செயலாளரின் கார் கோரிப்பாளையம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

முத்திருளனைத் தேடிக் கடைக்கே ஜீப் போனது. அவன் தோளில் மூட்டை அடையாளத்தோடு, பேயாண்டியையும் கூட்டாளிகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு வந்து இறங்கினான். குழாய் வெடித்துத் தோண்டிவிட்ட குழியின் ஓரத்தில், ஜீப்பில் கிடந்த கடப்பாரையோடு நின்றான். இறங்கவில்லை.

வாசல் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்த கிருஷ்ணபிரசாத் கத்தினார். "என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கறே? இறங்கு!"

"எறங்கக் கூடாதுங்கய்யா. நடவடிக்கைன்னு போட்டிருக்கு."

"போட்டதே நான்தான்யா!"

"அதான்ங்கய்யா பயமா இருக்கு."

பேயாண்டி சேர்ந்துகொண்டான். "சிம்மக்கல்லு, யானக்கல்லு, ஆபீஸு வாசல், அம்புட்டுக் குழிக்கும் அய்யாதான நெரந்தரம். அய்யாவே எறங்குனா நாங்க சட்டி வாங்குவோம்."

கிருஷ்ணபிரசாத் குழியைக் கிட்டத்தில் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் முறை. ஒரு எட்டு பின்னால் வைத்தார். பெஞ்சு ஆடியது.

"சரிய்யா, இறங்கு. உன்னை நிரந்தரம் பண்றேன். வாக்குத் தரேன்."

முத்திருளன் கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். "வெப்சைட்ல ஏத்திருங்கய்யா. ஏறுனதும் எறங்குறேன்."

ஏணி முழுவதும் அந்த ஒரே பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பிருந்தா ஏறினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்யாமளா ஏறினார். பிருந்தா தட்டினாள். முன்னுதாரணம் பற்றி ஸ்யாமளா ஏதோ சொல்ல வாயெடுத்தார், தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது, பரிந்துரைத்துவிட்டார். கிருஷ்ணபிரசாத் பொத்தானை அமுக்கினார். 'பணியிடம் காலியில்லை' என்றது கம்ப்யூட்டர்.

"சார், நீங்க ஒரு பணியிடத்தை விடணும்" என்றாள் பிருந்தா.

"எதை?"

"குழிவெட்டி, சிம்மக்கல்."

கிருஷ்ணபிரசாத் துறந்தார். வாரியத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு எழுத்து ஏறிய வேகத்திலேயே வெளியானது. முத்திருளன் போனில் பார்த்தான். தன் பெயரை ஒரு தடவை படித்தான். ஈரக் கையால் திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தான். குழிவெட்டி, சிம்மக்கல், நிரந்தரம்: முத்திருளன். போனைச் செல்லத்தாய்க்கு நீட்ட வேண்டும்போல இருந்தது. அவள் கடையில் இருந்தாள்.

"இறங்குய்யா இப்போ!"

முத்திருளன் வெடித்த குழாயைக் குனிந்து பார்த்தான்.

"ஒத்த ஆளு தூக்குற குழாய் இல்லீங்கய்யா. இது கெட்ட கனம்."

"எத்தனை ஆள் வேணும்?"

முத்திருளன் பேயாண்டியைப் பார்த்தான். பேயாண்டி ஏற்கனவே காதில் போனை வைத்து யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவன மொதல்ல போடுங்க. பேயாண்டி."

கிருஷ்ணபிரசாத் யானைக்கல்லைத் துறந்தார். அடுத்த ஆள் தன் பெயரைச் சொன்னான், இவர் தெப்பக்குளத்தைத் துறந்தார். அதற்கடுத்தவர் தன் அப்பா பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார். செயலாளரின் கார் சிக்னலில் நிற்பதாகப் போன் வந்தது. பிருந்தா தட்டத் தட்ட, ஸ்யாமளா பார்க்காமலே தலையாட்ட, கிருஷ்ணபிரசாத் ஒவ்வொரு குழியாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். பெஞ்சின் கால் சேற்றில் மெல்லப் புதைந்தது.

"இன்னும் எத்தனை பேருய்யா?" என்றார் அழாத குறையாக.

முத்திருளன் கடப்பாரையில் சாய்ந்து ரோட்டைப் பார்த்தான்.

"இப்பத்தான் திருமங்கலத்து ஆளுக வேன்ல இருந்து எறங்குறாய்ங்க. உசிலம்பட்டி வேன் பின்னாடியே வந்துக்கிட்டு இருக்கு. அமுக்குங்கய்யா."